மேடை நிறைய வணக்கம்

மாணவர் சபைக்குத் தலைமை தாங்குவது என்றால், ஊரெல்லாம் பேசும்போது வாயை மூடிக்கொண்டு மணி அடிக்கிற வேலை. எங்காவது ஒரு சங்கத்தில் கூட்டம் நடத்தி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கையில் ஒரு வருஷம் அந்த வேலையைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பாக்கி நாலு பேர்

மூன்றரைக்குச் சபை கூடும். முதலில் பொதுக்கருத்து நேரம். எந்த மாணவரும் மூன்று நிமிஷம் பேசலாம், பிறகு மணி. ஆனால் இங்கே மைக்கைப் பிடித்தால் மேடையிலுள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, 'பஹுமானப்பட்ட' என்று, நம்மூர் 'மாண்புமிகு' மாதிரி, அடைமொழி கொடுத்து வணங்கிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். எழுதாத சட்டம்.

பொன்முடி எஸ்டேட்டிலிருந்து தினமும் வந்துபோகிற முதலாண்டு மாணவி செல்வி, தோழிகள் எழுதிக்கொடுத்தபடி வணங்க ஆரம்பித்தாள். மேடையில் பதினான்கு பேர். பத்தாவது ஆளில் நேரம் முடிந்தது, மணி அடித்தேன். நான் தமிழ்க்காரி என்று அவளுக்குத் தெரியும். தாளைக் காட்டிச் சொன்னாள்: "அக்கா, இன்னும் நாலு பேருக்கு வணக்கம் பாக்கி இருக்கு. விஷயம் அதுக்கப்புறந்தான்."

எதிர்ப்பில்லாத எதிர்ப்பு

பொதுக்கருத்து நேரம் முடிந்ததும் வெளியே வந்து அவளிடம் விஷயத்தைக் கேட்டேன். அவளுடைய செய்முறை வகுப்பு முடிவது நாலரைக்கு. மலையடிவாரத்து வித்துராவுக்குப் போகிற பஸ் நாலேகாலுக்கு. அதை விட்டால் அங்கிருந்து மலைக்குப் போகிற கடைசி பஸ் கிடைக்காது. அதனால் பாதி வகுப்பில் ஓடுகிறாள், வருகை விழுவதில்லை. இன்னும் இரண்டு வகுப்பு போனால் பரீட்சை எழுத முடியாது. வகுப்பை அரைமணி முன்னால் தொடங்கினால் போதும். சபை தீர்மானம் போட்டால் மாற்றித் தருவதாகத் துறைத்தலைவரே சொல்லியிருந்தார்.

சபையில் எதற்கும் ஒத்துப்போகாத இரண்டு அணிகள். அடுத்த கூட்டத்தில் ஒரு அணி தீர்மானம் கொண்டுவந்தது. மற்ற அணி ஒரு மணி நேரம் எதிர்த்தது. பிறகு பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள், ஓட்டெடுக்க ஆள் போதவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கையில் வெறும் மணி மட்டும் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். எதிர்த்த அணியின் தலைவன் மலையாளம் கலந்த தமிழில் சமாதானமாகச் சொன்னான்: "சேச்சி, நாங்க அந்தக் குட்டிக்கு எதிரில்ல, கேட்டோ. இவங்க கொண்டுவந்ததுக்குத்தான் எதிர்."

கரமனையில் ஒரு அபிப்பிராயம்

கரமனையில் எங்கள் வீட்டுக்கு வந்து புலம்பினேன். அண்ணா காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டான். அவனுக்கு என் பதவிமேல் என்றைக்கும் மரியாதை கிடையாது. "கோவில்ல மணி அடிச்சா எல்லாரும் உள்ள வரா. நீ அடிச்சா, பேச வந்தவ எழுந்து போயிடறா. பேஷான உத்யோகம்டி!"

நாற்பது விநாடி

சுருக்கென்று தைத்தது. மூன்றாவது கூட்டத்தில் முதல் வேலையாக இரண்டு விதி போட்டேன். எல்லாருக்குமான வணக்கத்தை நானே ஒரேயடியாகச் சொல்லிவிடுவேன், இனி யாரும் யாரையும் வணங்கவேண்டாம். பொதுக்கருத்தில் வருகிற கோரிக்கையை அப்படியே ஓட்டுக்கு விடுவேன், கொண்டுவந்தவர் என்று எந்த அணியின் பெயரும் இருக்காது. முணுமுணுத்தார்கள். முணுமுணுப்புக்கு நேரம் ஒதுக்கவில்லை என்றேன்.

செல்வி வந்தாள். பஸ், வகுப்பு, பரீட்சை. நாற்பது விநாடியில் முடித்துவிட்டாள். உரிமை கொண்டாட ஒன்றுமில்லாததால் இரண்டு அணியும் கை தூக்கின. ஒரு கைகூடக் குறையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்படியில் நிற்கிறாள். "ஜெயிச்சாச்சு செல்வி!" என்று மைக்கிலேயே கத்தினேன். "கேட்டுச்சுக்கா. நாளைக்கு வந்து சந்தோசப்பட்டுக்கறேன், இப்ப பஸ்ஸு போயிரும்."

கூட்டம் நடத்துகிற மகாஜனங்களே, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போகிற ஆள் உங்களுக்கு வருஷத்தில் ஒருவர் கிடைத்தால், அந்த வருஷம் அமோகம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.