நான் முதல் பதிப்பு என்று சொன்ன புத்தகம்

பழைய புத்தகக் கடைக்காரன் புத்தகம் படிக்கமாட்டான், முதல் தாளைப் புரட்டிப் பதிப்பு பார்ப்பான். அவ்வளவுதான் சாமி இந்தத் தொழில். சித்தூரில் கடை போட்டு, தூசி தின்று, தும்மித் தும்மியே வயசானவன் நான். மெக்கானிக்கோ கம்பவுண்டரோ, ஒரே ஒரு தரம் தப்பாகச் சொல்லிவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உட்காருங்கள்.

நாலு பாட்டு

எங்கள் ஊர் மிஷன் சபை, தன் பழைய கீர்த்தனைப் புத்தகத்தைப் புதிதாக அச்சடிக்கக் கிளம்பியது. பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போய் டாலர் அனுப்ப ஆரம்பித்த காலம். பழைய பிரதி இரண்டுதான் கிடைத்தது. ஒன்று சபைச் செயலாளரிடம் இருந்தது, மெட்ராஸ் பதிப்பகம் போட்டது. அதில் எல்லாப் பாட்டும் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் பேரில். இன்னொன்று ரிட்டையர்டு நர்ஸ் கிரேஸ் அக்காவுடையது, மிஷன் அச்சகம் போட்டது. அதில் நாலு பாட்டுக்குக் கீழே அக்காவின் தாத்தா பேர்.

எது முந்தியது என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டது. "எங்க தாத்தா அடுத்தவன் நெலத்துல கூலிக்குப் போனவருடா. அவரு பாட்டு கட்னாருன்னா எவன் நம்புவான்? அச்சுல இருந்தா நம்பித்தான ஆவணும்."

டீ ஆறுவதற்குள்

கமிட்டி மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ரெண்டு புத்தகத்திலும் வருஷம் இல்லை. மெட்ராஸ் பிரதியில் 'முதற் பதிப்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அக்கா பிரதியில் அப்படி ஒன்றுமே இல்லை. கொடுத்த டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன், மெட்ராஸ் புத்தகம்தான் முந்தியது என்று. மடையன்! அக்கா தன் புத்தகத்தை முந்தானையில் மூடிக்கொண்டது. செயலாளர் அக்காவைப் பார்த்தே சொன்னார்: "பழசுல இல்லாத பேரு புதுசுல எப்படிம்மா வந்துச்சு? உங்க ஆளுங்க யாரோ நுழைச்சிட்டாங்க."

திருப்பதியில் என் புகழ்

இதனால் எனக்குப் பேர் வேறு வந்து தொலைத்தது. திருப்பதியில் புது லாட்ஜ் கட்டிய ஒருத்தர், ரிசப்ஷன் அலமாரிக்குப் பழைய புத்தகம் கேட்டு ஆள் அனுப்பினார். வெளிநாட்டிலிருந்து சாமி கும்பிட வருகிறவர்கள் பார்க்கவேண்டுமாம். மூட்டை கட்டி பஸ் ஏறினேன். இது முதல் பதிப்பு, இது ரெண்டாவது என்று நான் பெரிய புலி மாதிரிப் பிரித்து வைக்க, மனுஷர் கேட்டார்: "ஏமண்டி, ரெண்டாவதுன்னா அலமாரில நிக்காதா?"

வரதய்யபாளையத்துப் பெட்டி

சபையின் புதுப் புத்தகம் வெளிவந்து ஆறு மாசம். தாத்தா பேர் அதில் இல்லை. வரதய்யபாளையத்தில் ஒரு வாத்தியார் குடும்பம் பெங்களூருக்குக் கிளம்பும்போது புத்தகப் பெட்டியை என் தலையில் கட்டியது. பாதிக்குமேல் மிஷன் அச்சகத்தில் வந்தவை. புரட்டப் புரட்டத்தான் விஷயம் தெரிந்தது. அந்த அச்சகம் முதல் தடவை அச்சடிக்கும்போது பதிப்பு என்று எதுவுமே போடாது. 'இரண்டாம் பதிப்பு' என்று ரெண்டாவதிலிருந்துதான் போடும். அப்படியென்றால் ஒன்றுமே போடாத அக்கா பிரதிதான் முதல் பதிப்பு. பெட்டி அடியில் அதே மெட்ராஸ் கீர்த்தனைப் புத்தகமும் இருந்தது, முன்னுரையோடு. மிஷன் அச்சகத்தில் வந்ததைத் திருத்தித் தாங்கள் முதல் முறையாகப் போடுவதாகப் பதிப்பகத்தாரே எழுதியிருந்தார்கள். சபைப் பிரதியில் அந்தத் தாள் கிழிந்து போயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

செயலாளரிடம் ஓடினேன். "அதான் அடிச்சுக் குடுத்தாச்சே. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம், நீ போய்க்கினே இரு."

அக்கா வீட்டில்

கிரேஸ் அக்கா சபைக் கோயிலுக்குப் போவதையே விட்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் போய்விட பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தது. முன்னுரையைக் காட்டி, "தாத்தா பாட்டுதான்க்கா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். கண்ணாடி போட்டு ரெண்டு முறை படித்தது. திட்டியிருந்தால் தேவலை. என்னைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தது, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று. "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்ன. இன்னிக்கு ஏன்டா தனியா வந்து சொல்ற?"

இத்தனை வருஷத்தில் நான் தேறியது இவ்வளவுதான்: முதல் பதிப்பா இல்லையா என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும், சொன்னதைத் திரும்ப வாங்க ஆயுசு போதாது.