பூட்டு மாமாவின் கதவு

அந்தக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூட்டு மாமா. பெரியவர்கள் வைத்த பெயர்களை யாரும் அவர் காதுபடச் சொன்னதில்லை. எல்லாம் அந்தக் கதவால் வந்த வினை. குளத்தைச் சுற்றிக் கம்பி வேலி, அதற்கு ஒரே கதவு. கையை விட்டால் தானே மூடிக்கொள்ளும், கொக்கி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் விழும். சங்கச் செயலாளரோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டி அவர் போட வைத்த கதவு.

போட்டு என்ன புண்ணியம்? துண்டு, தட்டு, காற்றடைத்த வாத்து என்று இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வருவார்கள். கதவு முதுகில் இடிக்கும். உடனே ஒரு நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுப்பார்கள். இவர் எடுப்பார், அவர்கள் வைப்பார்கள். இதில் மூன்றாம் மாடிக்காரர் மகா மோசம்.

"இப்ப இங்க சின்னக் குழந்தைங்க யாரும் இல்லையேப்பா" என்பார்.

"இருக்கிற குழந்தையைத்தான் நாம பாத்துக்கிட்டு இருக்கோமே சார். இல்லாத குழந்தைதான் வந்து விழும்."

வீட்டிலும் இதே புலம்பல்தான். "நீங்க அந்தக் கதவையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று மனைவி சலித்துக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை காலை, குளம் திறக்குமுன் எட்டு குளோரின் கேன்கள் வந்து இறங்கின. வேலிக்கு உள்ளே, மோட்டார் அறைக்குத் தூக்க வேண்டும். மூன்று நடையிலும் கதவு இடுப்பிலேயே இடித்தது. நாலாவது கேனைக் கதவுக்கு முட்டாக வைத்துவிட்டு ஐந்தாவதைத் தூக்கிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது தரைத்தள வீட்டின் இரண்டு வயதுக் குழந்தை தண்ணீரில் நின்றவாக்கில் இருந்தது. அலறல் இல்லை, கை அடிக்கவில்லை. வாய் மட்டும் மேலே வந்து வந்து போயிற்று. போட்ட சட்டையோடு குதித்தார். வெளியே எடுத்ததும் குழந்தை இருமி, தண்ணீரைக் கக்கி, வீறிட்டு அழுதது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் தாய்க்கே விஷயம் தெரிந்தது.

"நல்லாத்தானே இருக்கான்னு விட்டுடாதீங்கம்மா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று துரத்தினார்.

சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அனுப்பினார். எல்லோரும் கூடிவிட்டார்கள். செயலாளர் இவருக்குச் சால்வை போடாத குறைதான். ஓடிய அவசரத்தில் யாருடைய கால் பட்டோ கேன் ஓரமாகக் கிடந்தது, அதை ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாம் மாடிக்காரர்தான் முகம் செத்துப்போய் நின்றார்.

"நேத்து நாற்காலி வெச்சது நான்தான். எடுக்க மறந்துட்டேன் போல."

பேசாமல் இருந்திருக்கலாம். அப்படியொரு ஆசை பூட்டு மாமாவுக்கும் வந்தது, அதை நினைத்தாலே தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க நாற்காலியை நேத்தே எடுத்துட்டேன் சார். இன்னைக்குக் கதவுக்குக் கேனை வெச்சது நான்."

செயலாளர் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினார். தாய் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"நீங்க பாத்துப்பீங்கன்னுதான் அண்ணா, நான் ஒருநாளும் அந்தக் கதவைத் திரும்பிக்கூடப் பாத்ததில்ல."