பெடல் இல்லாத மெஷின்

கச்சிராயபாளையத்தில் என் கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நடவுக்காகக் கரும்பைக் கரணைகளாகத் துண்டு போடுகிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்து கொடுவாளால் வெட்டுவதைப் பார்த்து, மோட்டாரில் ஓடும் மெஷின் ஒன்று செய்தார். காலால் பெடலை மிதித்தால்தான் பிளேடு சுற்றும். காலை எடுத்தால் நின்றுவிடும். அந்தப் பெடலை அவர் திரும்பத் திரும்பப் பிரித்து மாட்டியது எனக்குச் சலிப்பாக இருந்தது.

"கையில பட்டா ஆளு பின்னால சாயும். அப்பவே நிக்கணும்" என்றார்.

விவசாயக் கண்காட்சி ஒன்றில் அதை வைத்தோம். பலர் செல்போனில் படம் எடுத்தார்கள். எங்களுக்கு ஒரே பெருமை.

அடுத்த நடவுக்குள் அதே மெஷின் உளுந்தூர்பேட்டைப் பக்கம் விற்பனைக்கு வந்தது. பெடல் மட்டும் இல்லை. சுவிட்சைப் போட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். விலையும் கம்மி.

ஒருநாள் களமருதூரிலிருந்து ஒருவர் பட்டறைக்கு வந்தார். கரணை வெட்டக் கூலிக்குப் போன அவர் மனைவியின் வலது கை விரல்கள் அந்த மெஷினில் போய்விட்டன.

"இதக் கண்டுபுடிச்சது நீங்கதான்னு சொன்னாங்க."

"கண்டுபுடிச்சது நான்தாங்க. ஆனா இத நான் செய்யலீங்க."

"பின்ன யாரப் போய்க் கேக்கறதுங்க?"

சத்தம்கூடப் போடவில்லை. நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே போனார்.

மறுநாள் கணவர் அந்த மெஷினைச் செய்கிறவரைத் தேடிப் போய்க் கெஞ்சினார். "பெடல் வெச்சா செலவு ஜாஸ்தி. கேக்க வந்துட்ட, நீ இன்னா பேட்டன்ட் வாங்கி வெச்சிக்கினு கீறியா?" என்று அனுப்பிவிட்டார் அந்த ஆள்.

காப்புரிமை என்றால் பெரிய கம்பெனிகள் காசு பார்க்கிற விஷயம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். சென்னைக்குப் போய்ப் பார்த்த வக்கீல் ஒருவர்தான் விளக்கினார். "உங்களக் கேக்காம உங்க பொருள யாரும் செய்யக்கூடாது, விக்கக்கூடாதுன்னு தடுக்கற உரிமைங்க அது. இருபது வருஷத்துக்கு. ஆனா ஊருக்குக் காட்டறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போட்டிருக்கணும். இதுக்கு இனிமே கெடைக்காதுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் "தடுத்திருக்கலாம்" என்று மட்டும் ஒருதரம் சொன்னார்.

பிறகு அந்த மெஷின் போன ஊர்களுக்கெல்லாம் போய், சும்மாவே பெடல் மாட்டித் தருவதாகச் சொன்னார். சிலர் மாட்டிக்கொண்டார்கள். வேலை மெதுவாகும் என்று பலர் வேண்டாம் என்றார்கள். களமருதூருக்குப் போனபோது அந்தப் பெண் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை.

நெடுநாள் கழித்து, கரும்பைக் குழாய் வழியாகத் தள்ளும்படி, கை பிளேடுக்குப் பக்கத்திலேயே போகாதபடி இன்னொன்று செய்தார். யாருக்கும் காட்டுமுன் அதே வக்கீலிடம் போய் விண்ணப்பம் போட்டோம்; சில வருஷத்தில் காப்புரிமை கிடைத்தது. போன மாதம் ஒரு வியாபாரி அதைச் செய்து விற்க அனுமதி கேட்டு வந்தார். குழாயைக் கொஞ்சம் குட்டையாக்கினால் இரும்பு மிச்சமாகும் என்றார்.

"கொறைச்சா கை பிளேடு வரைக்கும் போயிரும். அப்படின்னா குடுக்கறதில்லீங்க" என்றார் கணவர்.

"அப்ப வேணாம், வுடுங்க."

வியாபாரி போனதும், "இந்த வாட்டி முடியாதுன்னு சொல்ல முடிஞ்சுது" என்றார் என்னிடம். குரலில் சந்தோஷம் இல்லை. இதுவரை வேறு யாரும் கேட்டு வரவில்லை.