மேவிஸுக்கு முன்னால் நின்று பேசுங்கள்

மேவிஸ் ஆஷ்வொர்த்தின் முகம் எங்கள் இங்கிலாந்தில் பாதிப் பேருக்குத் தெரியும், பெயர்தான் யாருக்கும் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் வந்த படங்களில் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்து, "அம்மா குளிச்சிட்டிருக்காங்க, ஐயா" என்று சொல்லிவிட்டுப் போகும் வேலைக்காரி அவள்தான். கதாநாயகி அழும்போதும் தட்டு, கொலை நடந்த வீட்டிலும் தட்டு. இருபது வருஷம் தட்டு சுமந்தவளுக்கு, நாற்பது தாண்டிய பிறகு, தொலைக்காட்சியில் ஒரு முழு நாடகம் கிடைத்தது. அந்தக் காலத்தில் நாடகத்தைப் பதிவு செய்துவைத்துக் காட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. இவர்கள் நடிக்க நடிக்க அது அப்படியே வீடுகளுக்குப் போய்விடும். உளறினால் ஊரே பார்க்கும்.

நாடகம் எடுபட்டால் அதே பாத்திரத்தை வைத்து வாராவாரம் ஒரு தொடர், அவள்தான் நாயகி என்று தயாரிப்பாளர் டெனிஸ் ஹாலம் சொல்லியிருந்தார். எடுபடாவிட்டால் திரும்பவும் தட்டுதான். இதில் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு சங்கதி இருந்தது. மேவிஸுக்குக் காது கேட்காது.

அவள் வடக்கே பர்ன்லி என்ற நெசவு ஊர்க்காரி. பதின்மூன்று வயதில் அம்மாவோடு நெசவாலைக்குப் போனவள். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது. அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் சத்தமே இல்லாமல் வாயைப் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள். யார் யாரோடு ஓடிப்போனாள் என்பது ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அப்படித்தான் போகும். அந்தத் தறிகள்தான் அவள் காதைத் தின்றன. தேவாலய நாடகத்தில் நடித்து, ஊர் ஊராகச் சுற்றும் குழுவில் சேர்ந்து, லண்டன் வந்து சேர்வதற்குள் ஒரு காது போய்விட்டது. மற்றது தட்டு சுமந்த வருஷங்களில் மெல்ல மெல்லப் போனது. உதட்டைப் பார்த்தே காலத்தை ஓட்டிவிட்டாள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், நானும் அந்த ஊர்தான், என் அம்மாவும் தறிக்காரிதான். ஒத்திகையின் முதல் நாள், ஹாலம் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தபோது, நான் கூடத்தின் மறு கோடியில் நின்று, "புளிச்ச பால் குடிச்ச மூஞ்சி" என்று வாய்க்குள்ளேயே அவரைத் திட்டினேன். அங்கிருந்து மேவிஸ் குபீரென்று சிரித்தாள். அப்புறம் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல், "யார்கிட்டயும் சொல்லிடாத, கண்ணு" என்றாள். அவள் கண்ணில் அப்படி ஒரு பயம். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

பயப்படாமல் என்ன செய்வாள்? வசனம் மறந்துபோனவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது என் வேலை. கையில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அழுத்தினால் வீடுகளுக்குப் போகும் சத்தம் நின்றுவிடும். அந்த இடைவெளியில் நான் வசனத்தைச் சொல்ல வேண்டும், பிறகு விட்டுவிட வேண்டும். எடுத்துக் கொடுப்பது காதில் விழாத நடிகையை எந்தத் தயாரிப்பாளர் வைத்துக்கொள்வார்? அதனால் மேவிஸ் தன் வசனத்தோடு எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்தாள். யார் எந்த வார்த்தைக்கு எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்பதைக்கூட உதடு பார்த்துப் பார்த்துப் படித்து வைத்திருந்தாள்.

ஒரே ஒரு வசனம் மட்டும் அவள் கைக்கு அகப்படவில்லை. அதற்குக் காரணம் அலாரிக் பென்ரோஸ்.

பென்ரோஸ் பழைய மேடைக்காரர். நாடகத்தின் கடைசி வசனத்தை ஒத்திகையில் வாய்விட்டுச் சொன்னால் ஆகாது என்று மேடைக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை. அந்தக் கடைசி வசனம் அவருடையது. ஒத்திகையில் அந்த இடம் வந்தால், தலையை ஆட்டிக்கொண்டு "தந்தனா தந்தனா" என்பார். ஹாலம் கெஞ்சியும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். கிழவர் மசியவில்லை.

கதையில் மேவிஸ் கடற்கரை ஊரில் விடுதி நடத்தும் விதவை. பென்ரோஸ் அவளுடைய இறந்த கணவனின் அண்ணன், விடுதியை விற்கப் போனவன். கடைசிக் காட்சியில் அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருக்க, அவன் வந்து, "வீட்ட விக்கல. சாவி மேஜ மேல இருக்கு" என்பான். 'சாவி' என்ற சொல்லில் அவள் கை நிற்க வேண்டும். கேமரா அவளை மட்டும் காட்டும். கை முந்தினாலும் பிந்தினாலும் நாடகம் பாழ்.

ஒளிபரப்பு நாள் மத்தியானம் ஹாலம் ஒரு காரியம் செய்தார். ஜன்னலோரம் நின்ற பென்ரோஸை, கேமராவுக்கு வழி போதவில்லை என்று, பின்னால் கதவுக்கு மாற்றிவிட்டார். மேவிஸின் முதுகுக்குப் பின்னால். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என்னை ஒப்பனை அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கேமராவுக்குக் கீழ உக்காந்துக்கோ. அந்தாளு சொல்லச் சொல்ல நீ வாய அசை. உன்னப் பாத்தே முடிச்சிடறேன்."

நான் அங்கே போய் உட்கார்ந்தால் பென்ரோஸிடமிருந்து வெகுதூரம் தள்ளிப்போவேன் என்றேன். நாற்பது வருஷம் மேடையில் நின்றவருக்கு ஒரு வரி மறக்காது என்று அவள் எனக்கே தைரியம் சொன்னாள்.

மாலை விளக்குகள் எரிந்தன, நாடகம் தொடங்கியது. மேவிஸ் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கடைசிக் காட்சி வந்தது. நான் புத்தகத்தையும் சுவிட்சையும் எடுத்துக்கொண்டு தவழ்ந்து போய்க் கேமராவின் காலடியில் உட்கார்ந்தேன். மேவிஸ் கோப்பையைக் கழுவினாள். கண் என் மேல் இருந்தது. பின்னால் கதவு திறந்தது. 'வந்துட்டாரு' என்று வாயசைத்தேன்.

பென்ரோஸ் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

ஒரு தடவைகூடச் சொல்லிப் பழகாத வசனம், எங்கிருந்து வரும்? அந்தக் கிழவரை அப்போதே கழுத்தை நெரித்திருப்பேன். சுவிட்சை அழுத்தி, மேவிஸ் பார்த்துவிடாதபடி புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு, "வீட்ட விக்கல" என்று கத்தினேன். அவர் என்னைத் தேடவே இல்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையையே வெறித்தார், நெற்றியில் வேர்வை ஓடியது. சுவிட்சை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தால் வீடுகளில் பெட்டி கெட்டுப்போனதென்று தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். விட்டுவிட்டேன். நாடு முழுக்க இப்போது கேட்பது கோப்பையும் தண்ணீரும்தான்.

மேவிஸுக்கு எதுவும் தெரியாது. அவள் உலகத்தில் எப்போதும் இருக்கும் அமைதிதான் இதுவும். என் உதடு அசைவதற்காகக் காத்துக்கொண்டு, அதே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். நான் பொய்யாக அந்த வசனத்தை வாயசைத்தால், யாரும் பேசாத பேச்சுக்கு அவள் கை நிற்கும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியமாகத் தெரியும், அவள் கதை முடிந்துவிடும். உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. தறிக்கூடத்தில் பேசுவதுபோல வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தமில்லாமல் சொன்னேன்:

"கிழவர் மறந்துட்டாரு. நீங்களே சொல்லிடுங்க."

அவள் கண் ஒரு தரம் சிமிட்டியது. கை நிற்கவில்லை. கோப்பையை அலசினாள், கவிழ்த்தாள், அடுத்ததை எடுத்தாள். திரும்பிப் பார்க்காமலேயே, அலுத்துப்போன குரலில் சொன்னாள்:

"வீட்ட விக்கலைன்னு சொல்ல இவ்ளோ நேரமா? சாவிய மேஜ மேல வெச்சிட்டுப் போங்க."

பென்ரோஸ் விழித்துக்கொண்டார். தள்ளாடி வந்து சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். 'டங்' என்று சத்தம் கேட்டது, எல்லோருக்கும் கேட்டது, அவளைத் தவிர. 'வெச்சாச்சு' என்று வாயசைத்தேன். அவள் கை நின்றது. ஈரக்கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள். கண் நிரம்பியது. அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். படம் இருண்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். மேவிஸ் நடைபாதையில் போனாள், நான் பின்னால் ஓடினேன். மாடியிலிருந்து ஹாலம் இறங்கி வந்தார்.

"மிஸ் ஆஷ்வொர்த்," என்றார். அவள் நடந்துகொண்டே இருந்தாள். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாம் தடவை அந்த நடைபாதையே அதிரக் கூப்பிட்டார், விளக்குத் தூக்குகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரும்பவில்லை.

களைப்பு, வேறொன்றுமில்லை என்று உளறினேன். ஹாலம் என்னைப் பார்த்தார். கடைசிக் காட்சியில் அவள் பார்வை கேமராவுக்குக் கீழே போனதை மாடியில் கட்டுப்பாட்டு அறைத் திரையில் பார்த்திருந்த மனிதர்.

"பின்னாடி நின்னவன் மறந்தது அவளுக்கு உன் வாயப் பாத்துத்தான் தெரியும், இல்ல?"

நான் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அதுவே பதிலாகிவிட்டது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஹாலம் வேகமாக நடந்து அவளைத் தாண்டிப் போய், முன்னால் நின்று வழியை மறித்தார். அந்தப் புளிச்ச பால் மூஞ்சி, வாயைக் கோமாளிபோல அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசியது.

"தொடர். உங்களுக்குத்தான். இனி யாரும். உங்க பின்னாடி. நிக்க மாட்டாங்க."

மேவிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், அவ்வளவு பெரிதாக வாயைத் திறக்க வேண்டாம், பல்லில் கீரை ஒட்டியிருப்பது தெரிகிறது என்றாள்.

தொடரின் முதல் ஒத்திகை வந்தது. பென்ரோஸும் அதில் இருந்தார். மேவிஸுக்குக் காது கேட்காதென்று யார் அவருக்குச் சொன்னார்கள் என்று தெரியாது, நான் சொல்லவில்லை. கடைசி வசனம் மறுபடி அவருக்கே வாய்த்திருந்தது. அந்த இடம் வந்ததும் அவருடைய தந்தனாவுக்காக நாங்கள் காத்திருந்தோம். கிழவர் எழுந்தார். நாற்காலியை இழுத்து மேவிஸின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது, விரல்கள் தொடையைப் பிறாண்டின. அந்த வசனத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, வாய்விட்டு, நிதானமாகச் சொன்னார்.

மேவிஸ் அவர் உதட்டையே பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க, பென்ரோஸ்," என்றாள்.

சொன்னார்.