பட்டாபிராமன் வீட்டு செட்டு

ஸ்பீக்கர் ரெண்டு இருந்தது, அதைப் பேசவைக்கத்தான் ஒன்றும் இல்லை. ரெத்தினத்தின் இரண்டு வருஷக் கவலை அது.

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஆறு வருஷம் இருந்தபோது அவரிடம் முழு செட்டே இருந்தது. ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ஜோடி. ஊர் திரும்பிய கையோடு அதை விற்று மூன்று மா நிலம் வாங்கினார். அப்புறம் மின்வாரியத்தில் வயர்மேன் வேலை, கல்யாணம், இரண்டு பெண்கள். பதினாலு வருஷம் செட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. நாகூரில் பழைய வெளிநாட்டுச் சாமான் விற்கும் லியாகத் அலி கடையில், யாரோ கழித்துப் போட்ட ஸ்பீக்கர்களைப் பார்த்த அன்றைக்குப் பழைய காய்ச்சல் திரும்பிவிட்டது. அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அதோடு சேர மற்றதுதான் கைக்கு எட்டவில்லை.

எட்டுகிற தூரத்தில் ஒன்று இருந்தது. சொந்த ஊர் கீழப்பனங்குடியிலேயே, பட்டாபிராமனின் பெரிய வீட்டில். அதுதான் வினை.

அந்த வீட்டை விற்றுவிட்டு பட்டாபிராமன் மெட்ராஸ் போகிறார் என்று தெரிந்ததும் கீழத்தெரு கொதித்தது. அவர் கொல்லை மனையில் ஏழு குடும்பம் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறது. குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்து பத்தொன்பது வருஷம். அதைச் சொல்லி ரெண்டு கட்சியும் மாறி மாறி ஓட்டு வாங்கியாயிற்று. பட்டாதான் வரவில்லை. நாளைக்கு வாங்குகிற வேற்றூரான் முதல் வேலையாக வேலியைத்தான் பிடுங்குவான். விவசாயத் தொழிலாளர் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது: மனைப்பட்டாவுக்கான சம்மதக் கடுதாசியில் பட்டாபிராமன் கையெழுத்துப் போடும்வரை அந்த வீட்டுச் சுமையை யாரும் தூக்கக்கூடாது. ஒரு துரும்பு வெளியே வரக்கூடாது. சங்கச் செயலாளர் மருதையன் அந்த ஏழு குடும்பத்தில் ஒருவர். ரெத்தினத்தின் மனைவி காத்தாயிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

வியாழக்கிழமை காலையில் மின்கம்பத்தடியில் பட்டாபிராமன் ரெத்தினத்தை மடக்கினார். "நாளைக்குக் கிளம்பறேன். கார் பின்சீட்டுல கொள்றதைத்தான் எடுத்துண்டு போகமுடியும். செட்டு வேணும்னா இன்னிக்கே வந்து பாரு. குடுக்கறதைக் குடு."

மத்தியானம் தெரு சாப்பிட்டுச் சாய்ந்த நேரமாகப் பார்த்து ரெத்தினம் சைக்கிளை எடுத்தார். கேரியரில் இரண்டு சாக்கு மூட்டை.

"எங்க?" என்றாள் காத்தாயி.

"பெரிய வீட்டுல ஃபியூஸ் போயிருக்காம்."

"சாக்குல என்ன?"

"வயரு."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அந்த வீட்டு ஸ்பீக்கர்களை எலி கடித்துக் குதறியிருந்தது. ரெத்தினம் சாக்குகளைப் பிரித்து, சேர்த்துப் பார்க்கக் கொண்டுவந்த தன் ஸ்பீக்கர்களை எடுத்துவைத்தார். ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றி உள்ளே ஊதினார். தூசி பறந்தது. குமிழைத் திருப்பியதும் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. சுவர் அலமாரியில் கைக்கு வந்த ரெக்கார்டை வைத்தார். நாகஸ்வரம்.

சாமான் இல்லாத கூடம். மரக்கூரை. தோடியை இழுத்து நிறுத்திய நாகஸ்வரம் இடப்பக்கம் நின்றது. தவில் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தது. நின்றது, உட்கார்ந்திருந்தது, அப்படியேதான். மூச்சு எடுக்கிற சத்தம்கூடக் கேட்டது. சத்தத்தை ஒரு பிடி, ஒரே ஒரு பிடி கூட்டினார்.

ரெக்கார்டில் பாதி ஓடியிருக்கும். வாசற்கதவில் கல் விழுந்தது; ரெத்தினம் ஊசியைத் தூக்கினார்.

"பால் காச்சுறாங்கடா! வீட்ட வித்துப்புட்டான்!"

விற்கப்போகிற வீட்டுக்குள் மேளம் கேட்டால் அந்த ஊரில் வேறு அர்த்தம் கிடையாது. வாங்கினவன் குடிவந்துவிட்டான், அவ்வளவுதான். மைக்செட்டின் கரகரப்பு இருந்திருந்தால் ஏதோ பாட்டு என்று விட்டிருப்பார்கள். இது ஆளே உட்கார்ந்து வாசிப்பதாக இருந்தது. போதாக்குறைக்கு இரண்டு மூட்டை உள்ளே போனதையும் யாரோ பார்த்திருந்தார்கள்: சமையல் சாமான்.

கதவு திறந்துகொண்டது. நாற்பது பேர், கையில் கம்பு. பட்டாபிராமன் நடுங்கிப்போய், "மணி ரெண்டேகால். ராகு காலத்துல யாராவது பால் காய்ச்சுவாளா?" என்றார்.

"வாங்குனவன் நல்ல நேரம் பாக்காத கட்சிக்காரனா இருந்தா?" என்றான் துரைராசு, முன்னால் நின்ற இளவட்டம். "நாயனக்காரர எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? தவில்ல வலந்தலை தனியா தொப்பி தனியா கேட்டுச்சு. எங்களுக்குத் தெரியாதா?"

அடுப்படி, கொல்லை, மச்சு எல்லாம் தேடினார்கள். அடுப்பில் சாம்பல்கூட இல்லை. கடைசியில் மருதையன் கூடத்துக்கு வந்து ரெத்தினத்தைப் பார்த்தார்.

"ஃபியூஸ் போட வந்தீங்களாமே மாப்ள."

ரெத்தினம் ஸ்பீக்கரைக் காட்டினார்.

"இதுலதான் கேட்டுச்சா? போடுங்க."

ஊசி சறுக்கியது. இரண்டாம் தடவை சரியாக விழுந்தது. துரைராசு ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் எட்டிப்பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"நிறுத்துங்க. இத எடுத்துட்டுப் போகவா வந்தீங்க?" என்றார் மருதையன்.

"இன்னும் எடுக்கல மச்சான்."

"சரி, வெளிய வாங்க."

ரெத்தினம் ஸ்பீக்கர் வயரைக் கழற்றக் குனிந்தார்.

"அத வைங்க."

"இது என்னோடது மச்சான். நாகூர்ல வாங்குனது."

"உள்ள இருக்குல்ல? உள்ள இருக்குறது எதுவும் வெளிய வராது. ஒங்களுக்குன்னு தனித் தீர்மானமா போட்டிருக்கு?"

வெறுங்கையோடு வந்தார். கூட்டத்தின் ஓரத்தில் காத்தாயி நின்றாள். அவரைப் பார்க்காமல் சைக்கிளை மட்டும் தள்ளிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் இரண்டு பேர் எழுந்துபோனார்கள்.

மறுநாள் காலை கொட்டகையிலிருந்து கார் வாசலுக்கு வந்தபோது முதலில் குறுக்கே போய் நின்றது ரெத்தினம். மற்றவர்கள் பிறகுதான் வந்தார்கள். பின்சீட்டில், போர்வைக்குள் செட்டின் மூலை தெரிந்தது.

"மனைக்காக நிக்கிறீங்களா, செட்டுக்காகவா?" என்றான் துரைராசு, எல்லாருக்கும் கேட்கும்படி.

ரெத்தினம் தனக்குள் தேடிப்பார்த்தார். இன்னும் ஒரு எட்டு காரை நெருங்கி நின்றார். டிரைவர் ஹாரனை அமுக்கினான்; பம்பர் அவர் முழங்காலில் முட்டியது. அவர் நகரவில்லை. எஞ்சின் சூட்டோடு இரண்டு மணி நேரம்.

தகராறு உள்ள வீடு எனக்கு வேண்டாம் என்று வாங்குகிறவர் சொல்லியனுப்பிவிட்டார். வருவாய் ஆய்வாளர் புல்லட்டில் வந்து இறங்கினார். கையெழுத்தில்லாமல் வீடு விலைபோகாது என்று தெரிந்துபோனதும், கார் பானெட்டின் மேலேயே காகிதத்தை விரித்து, ஏழு பேருக்கும் பட்டாபிராமன் கையெழுத்துப் போட்டார். மருதையன் வாங்கிப் படித்து, மடித்து, மடியில் செருகினார். கூட்டம் வழிவிட்டது.

பட்டாபிராமன் பின்கதவைத் திறந்தார். "ரெத்தினம், எடுத்துக்கறியா?"

எல்லாக் கண்ணும் அவர்மேல். இப்போது எடுத்தால் துரைராசு கேட்டதற்கு அதுவே பதில். ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

"வேணாம் சார்."

"ஏன் வேணாம்?" காத்தாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "பொய் சொல்லிட்டு ஓடுற அளவுக்கு ஆச இருந்துச்சுல்ல? எங்கண்ணனுக்கு மனை வந்தாச்சு. தடை தீந்துபோச்சு. இன்னமும் என்ன?" முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டினாள். "எவன் கேக்குறான் பாப்போம். சார், பணத்த இவரு மெட்ராசுக்கு மணியார்டர் பண்ணிருவாரு. தூக்கி வைங்க."

தலையில் செட்டும் ரெக்கார்டுகளுமாக அவள் முன்னே நடந்தாள். இரண்டு ஸ்பீக்கரையும் கூடத்திலிருந்து எடுத்து அணைத்துக்கொண்டு ரெத்தினம் பின்னால். முதுகுக்குப் பின் யாரோ ஏதோ சொன்னார்கள். அவர் திரும்பவில்லை.

வயரெல்லாம் இணைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைத்தார். தெருவில் யார் காதில் விழுமோ என்று ஒரு வாரம் ஊசியை ரெக்கார்டில் வைக்கவில்லை. காத்தாயி ஏசிப் பார்த்தாள், பலனில்லை.

எட்டாம் நாள் மருதையன் வந்தார். சங்கத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்பீக்கர்களுக்கு எதிரே சம்மணம் கூட்டி உட்கார்ந்தார்.

"போடுங்க மாப்ள," என்றார். "தெருக் கதவு தெறந்தே இருக்கட்டும்."