பங்களா பிரிட்ஜில் தீக்காய மருந்து

எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு முதலுதவிப் பெட்டி வந்தபோது, தீக்காயத்துக்குத் தடவும் குளிர் ஜெல் ஒரு டியூப் அதற்குள் இருந்தது. குளிர்ச்சி தரும் மருந்தைக் குளிரில்தானே வைக்கவேண்டும் என்று பெரிய கிளாக்கரய்யா தீர்மானித்தார். பிரிட்ஜ் இருந்தது தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் மட்டும். மருந்து மலையேறிப் போய், துரையின் வெண்ணெய்க்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. பெட்டி ஆபீஸ் சுவரில் தொங்கியது.

அக்கா கொழும்புக்குப் போகவிருந்த வாரம் அது. தையல் பெக்டரிக்கு ஆள் சேர்க்க வேன் வரும். அதில் வரும் அம்மணி துணியும் ஊசியும் கொடுத்துக் கை ஓட்டம் பார்ப்பாள். பிடித்தால் அப்படியே ஏற்றிக்கொள்வாள். கொழுந்து பறிக்கப் போகவே மாட்டேன் என்று அக்கா பழைய சேலைகளைக் கிழித்துக் கிழித்துத் தைத்துப் பழகியிருந்தாள். வேனுக்கு முதல் நாள் காலை, கேத்தலின் பிடி கழன்றது. கொதிதண்ணீர் வலக்கை விரல்களில்.

எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் பீலி. மலை தன் குளிர்ந்த தண்ணீரையெல்லாம் ஓயாமல் ஊற்றும் பீலி. அக்கா அதை நோக்கித்தான் ஓடினாள். அம்மா குறுக்கே விழுந்து பிடித்தாள்.

"தண்ணி காட்டாதடி, கொப்புளிச்சிரும்! பங்களாவுல மருந்து இருக்கு." என்னைப் பார்த்து, "ஓடு!"

ஓடினேன். பங்களாப் பின்கதவில் சமையல்கார அப்பு நின்றார்.

"துரை சாப்பிடுறாரு. கேக்காம பிரிட்ஜ தொறக்க ஏலாது."

"அக்காவுக்கு வெந்துபோச்சுங்க. கையிங்க."

"கைதானே? அப்ப அவளே வந்திருக்கலாமே. கையாலயா நடக்கிறா?"

தன் பகடிக்குத் தானே சிரித்துக்கொண்டு உள்ளே போனார். நின்றேன். துரை சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். குழாயில் தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

டியூப்போடு நான் வந்து சேர்ந்தபோது விரல்கள் திராட்சையாய் உப்பியிருந்தன. "பங்களா மருந்து, நாளைக்கே ஆறிரும்," என்று அம்மா பக்தியோடு தடவினாள். மறுநாள் வேன்காரி ஊசியை எடுக்கவேயில்லை. "ஆறட்டும், அடுத்த முறை பார்ப்போம்."

அடுத்த முறை வேன் வேறு தோட்டத்துக்குப் போனது. அக்கா தோட்டத்திலேயே பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனாள்.

சில வருசம் கழித்து, முதலுதவி சொல்லிக்கொடுக்கப் பதுளையிலிருந்து ஒரு நர்ஸ் மிஸ் வந்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடியிருக்க, கைப்பையைத் திறந்து அதே மாதிரி டியூப்பை எடுத்தார். பஸ்ஸிலே வெந்து வந்த டியூப்.

"பிரிட்ஜில வைக்கிறதில்லையா, மிஸ்?" என்றார் கிளாக்கரய்யா.

"தேவையில்ல. ஆனா முதல் வேலை இதுவுமில்ல. சுட்ட உடனே ஓடுற தண்ணியில ரொம்ப நேரம் பிடிக்கணும். இது தண்ணி கிடைக்காத இடத்துக்கு."

தண்ணி கிடைக்காத இடம். பீலிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி அவர் அதை உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தடவிக் காட்ட ஒரு கை வேணும். யாராவது வாங்க."

பெண்கள் அக்காவை முன்னே தள்ளினார்கள். "போடி, ஒனக்குத்தான் பழக்கம்!"

அக்கா விரல்களை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "மலைக்கு நேரமாச்சுங்க," என்றாள்.