கைக்குப் பக்கத்தில் ஓணான்

ஓணானைக் கண்டுபிடிப்பது அவர் வேலை, படம் எடுப்பது என் வேலை. கல்யாணமான புதிதில் பிடித்த பைத்தியம் இது. "வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில வுட்டுக்கினு திரியுதுங்க" என்று நாத்தனார் இன்றைக்கும் சிரிப்பாள். ஞாயிறு ஆனால் செங்கல்பட்டுப் பக்கம் ஏதாவது ஒரு குன்றில் ஏறிவிடுவோம். கல்லோடு கல்லாக ஒட்டியிருப்பதை அடிவாரத்திலிருந்தே காட்டுவார் என் கணவர்.

அவர் கல்லூரி பஸ் ஓட்டுகிறவர். ஊரப்பாக்கத்தில் தொடங்கி வழியெல்லாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். சர்க்கரை ஏறிய பிறகு இரண்டு முறை பஸ்ஸைக் கல்லூரி கேட் தூணில் உரசிவிட்டார். "தூணு ரொம்ப வெளிய கீது" என்றார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால் எரிந்து விழுவார். லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனிதர்.

போன மாதம், மழை விட்ட ஒரு காலையில், வழக்கமான பாறைக்கு எதிரே கையூன்றி உட்கார்ந்தார். நான் சற்றுத் தள்ளிக் கேமராவோடு குந்தினேன். அசையாமல் இருந்தால் பாறை ஓணான் சில நேரம் கிட்டேயே வரும்.

"அதோ, உச்சியில கீது பாரு. நல்லா செவந்துக்கீது. எடு" என்று கிசுகிசுத்தார்.

லென்ஸ் வழியே தேடினேன். உச்சியில் ஒன்றுமில்லை. போன வருடம்தான் அங்கே இருந்தது. கேமராவைத் தாழ்த்தியபோது பார்த்தேன். அவர் ஊன்றியிருந்த கைக்கு ஒரு சாண் தள்ளி, முதுகு சிவக்கத் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது ஓணான். அவரும் அதற்குள் குனிந்து அந்தப் பக்கமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எடுத்தேன். சத்தம் கேட்டு "கெடச்சுதா?" என்றார்.

"கெடச்சுது. ஒங்க கைக்குப் பக்கத்துலயே."

வெடுக்கென்று கையை இழுத்தார். ஓணான் இடப்பக்கம் ஓடியது, அவர் வலப்பக்கம் தேடினார். கத்துவார் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். கீழே வந்ததும் ஸ்கூட்டர் சாவியை என் கையில் வைத்தார்.

"நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடறேன். பஸ் நெறைய புள்ளைங்க கீதுங்க."

பின்னால் உட்கார்ந்து, "மேடு வருது, ஸ்லோ பண்ணு. லெஃப்ட்ல பள்ளம்" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. இத்தனை நாள் அந்த பஸ்ஸை எப்படி ஓட்டினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.